மறு: லெஜிஸ்லேட்டிவ் இன்டென்டுக்கு ‘சட்டமன்ற நோக்கம்’ சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்.

சட்டத்துறை இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லுன்னு தோவாளை அக்கா போட்ட பட்டியல்ல லெஜிஸ்லேட்டிவ் ஹிஸ்டரிக்கு (ஒரு சட்டம் உருவான வழி) ‘சட்ட வரலாறு’, லெஜிஸ்லேட்டிவ் இன்டென்டுக்கு (சட்டம் போட்டவங்க நெனச்சது) ‘சட்டமன்ற நோக்கம்’னு இருக்கு. அக்கா தப்பா எடுத்துக்கப்படாது, ரெண்டும் எனக்கு ஒத்துவரல. ஏன்னு கொஞ்சம் நீட்டியே சொல்லுதேன், நாகர்கோவில் கோர்ட்டுல இந்த ரெண்டு சொல்லோடயும் மல்லுக்கட்டுதவன் நான்.

‘சட்ட வரலாறு’ன்னதும் யாருக்கும் மனசுல வாறது கம்பெனி காலத்துல கோர்ட்டு எப்படி வந்துது, சொத்துரிமை எப்படி மாறிச்சுங்கிற பெரிய கதைதான். நமக்கு வேண்டியது அது இல்ல. ஒரே ஒரு சட்டம், அது மசோதாவா அரசிதழ்ல வந்ததுலருந்து ஒப்புதல் கையெழுத்து விழுந்தது வரைக்கும் வந்த வழி, அந்த வழில கிடக்கிற காயிதம் எல்லாம். மசோதா, அதோட அச்சாகிற நோக்க காரண விளக்கவுரை, மசோதாவ அலசற உறுப்பினர்களோட தெரிவுக் குழுவுக்குப் போயிருந்தா அந்த அறிக்கை, பேரவையில பேசினது, வந்த திருத்தங்கள்ல ஏத்துக்கிட்டது எது தள்ளினது எதுன்னு. 1986ல மேலவைய எடுத்துட்டாங்க இல்லியா, அதுக்கு முந்தின சட்டம்னா அங்க பேசினதையும் பாக்கணும், நிறைய பேரு பேரவைப் பேச்சு அச்சான தொகுதியோட நிறுத்திருதாங்க.

ஸ்ரீபண்டாரவகை நிலம் ஒண்ணு சம்பந்தமா ஒரு கட்சிக்காரருக்காக 1964ல வந்த சட்டத்தத் தோண்ட வேண்டி வந்துது. பத்மநாபசாமி கோயிலுக்குச் சேர்ந்த அந்த நிலங்கள ரயத்துவாரியா, அதாவது நிலம் வச்சிருக்கவரு நேரா அரசுக்குத் தீர்வை கட்டுற முறைக்கு மாத்தறதுக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குன்னே போட்ட சட்டம் அது. கடையில வாங்கின சட்டப் புத்தகத்துல விளக்கவுரை இருக்காது, மசோதா வந்த அரசிதழத்தான் தேடணும். அப்புறம் இன்னொரு வில்லங்கம், மசோதாவுல இருக்கறது ‘கூறு’, அதே சங்கதி சட்டமானா ‘பிரிவு’, நடுவுல ஒரு கூறு புதுசா சேந்தாலோ போனாலோ அதுக்குப் பின்னால உள்ள நம்பர் எல்லாம் நகந்திரும். அதனால எந்தச் சட்டத்த எடுத்தாலும் ஒரு தாள்ல நடுவுல கோடு போட்டு இடது பக்கம் கூறு, வலது பக்கம் பிரிவுன்னு பென்சிலால எழுதிவச்சுக்கிட்டுத்தான் விவாதத்தப் படிப்பேன், இல்லன்னா வேற எதையோ பத்தி மந்திரி பேசினத நம்ம பிரிவுக்குப் பேசினதா நெனச்சிருவோம். பேரும் மாறிரும், 1969க்கு முந்தி ‘மதராஸ்’னு வந்த சட்டம்தான் இப்ப ‘தமிழ்நாடு’ன்னு இருக்கு, பழைய அட்டவணையில தமிழ்நாடுன்னு தேடிக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும்.

சரி, இன்டென்டுக்கு வாறேன். ‘நோக்கம்’ ஏற்கெனவே வேற வேலைக்குப் போயாச்சு, நோக்க காரண விளக்கவுரையில அது ஆப்ஜெக்ட். ஒரு சட்டத்துக்க நோக்கம் குடியானவனக் காப்பாத்தறதா இருக்கலாம், ஆனா ‘குடியான்’ங்கிற சொல்லுல பாட்டக்காரனும் அடங்குவானான்னு கேட்டா அது நோக்கம் இல்ல, அந்தச் சொல்ல போட்டவங்க என்ன நெனச்சுப் போட்டாங்கங்கிறது. இந்த ரெண்டாவதுதான் இன்டென்ட். மூணாவதா மோட்டிவ்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ‘உள்நோக்கம்’னு எழுதுதோம், பேப்பர்ல ‘உள்நோக்கத்தோடு’ன்னு போட்டா திட்டுன்னு எல்லாருக்கும் தெரியும். நான் ஜூனியரா இருந்தப்ப ஒரு வாதவுரையத் தமிழ்ல பெயர்க்கச் சொன்னாங்க, லெஜிஸ்லேட்டிவ் இன்டென்ட் வந்த இடம் எல்லாம் ‘சட்டமன்றத்தின் உள்நோக்கம்’னு எழுதிட்டேன். கட்சிக்காரர் வாசிச்சுட்டு “அரசாங்கத்தையே குத்தம் சொல்லுதோமா, எனக்கு பென்ஷன் வருதே”ன்னு நடுங்கிப்போய் வந்தாரு. அன்னைக்கு முழுசும் உக்காந்து திருத்தினேன். அதனாலதான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு பாடு.

இன்னும் பெரிய தடங்கல் ‘சட்டமன்றம்’. மத்த மாவட்டத்துக்காரங்களுக்கு இது தோணாது, நமக்குத் தோணணும். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலருந்து மதராஸ் மாநிலத்துக்கு வந்துது, ஆனா திருவிதாங்கூர் சட்டங்கள் அன்னைக்கே செத்துப்போகல, மாத்துற வரைக்கும் செல்லும்னு மாநில சீரமைப்புச் சட்டத்துலயே இருக்கு. அப்புறம் 1957ல ஒரு சட்டம் போட்டு மதராஸ் சட்டங்கள நம்ம பக்கம் நீட்டினாங்க. இப்பச் சொல்லுங்க, 1071ஆம் கொல்லம் ஆண்டு வந்த சென்மி-குடியான் (நிலவுடைமைக்காரர்-குடியானவர்) ரெகுலேஷனுக்கு எந்தச் சட்டமன்றத்துக்க நோக்கத்தத் தேடணும்? அது 1896, திருவனந்தபுரத்துல 1888லயே ஆரம்பிச்ச லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில் இருந்த காலம், முடிவு மகாராஜாவுக்க கையில. அதே மாதிரி 1956க்கு முந்தி சென்னையில பாஸாகி பின்னால இங்க நீட்டின சட்டத்தப் பேசினப்ப அந்த அவையில நம்ம தாலுகாக்கள்லருந்து தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருத்தரும் உக்காந்திருக்கல. சென்னை, திருவனந்தபுரம்னு ரெண்டு இடத்துலயும் நம்ம காயிதம் கிடக்கு. ஆக சொல்லுல ‘மன்றம்’ வரவே கூடாது.

நம்ம பழைய ஆளுங்க இத யோசிக்காம விட்டுட்டாங்கன்னு நெனைக்கப்படாது. சிறப்புப் பாயிரத்துல, அதாவது ஒரு நூலுக்கு எழுதுத முன்னுரையில, ஆக்கியோன், வழி, எல்லைன்னு எட்டு சொல்லிட்டு, காலம், களன், காரணம்னு மூணையும் சேத்துச் சொல்லுதவங்களும் உண்டுன்னு நன்னூல் சொல்லுது. எப்ப, எந்த அவையில, எதனால, நாம அரசிதழ்லயும் பேரவைத் தொகுதியிலயும் தேடுதது இந்த மூணும்தான். தொல்காப்பியப் பாயிரம் இன்னும் கிட்ட வருது, பாண்டியன் அவையில தொல்காப்பியர் தன் நூல அதங்கோட்டாசான்ங்கிற புலவருக்கு ‘அரில்தபத் தெரிந்து’ காட்டினதா இருக்கு, அதாவது சிக்கல் இல்லாம விளங்கச் சொன்னது. நம்ம மேற்க உள்ள அதங்கோடுதான் அவருக்க ஊருன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. தெரிவுக் குழு அறிக்கைய வாசிக்கும்போது எனக்கு அந்த அவைதான் ஞாபகம் வரும். ஆனாலும் ‘சட்டப் பாயிரம்’னு வைக்கச் சொல்லல, முகப்புரையோட குழம்பிரும்.

என் யோசனை: இன்டென்டுக்கு ‘சட்ட உட்கிடை’. உளக்கிடக்கைன்னு பேச்சுலயே இருக்கு, மனசுல கிடக்கறது, திட்டு வாசனை இல்ல. எல்லாரும் சொல்லுங்க.

*

தக்கலையிலருந்து எழுதுதேன். தம்பி, விளக்கம் எல்லாம் சரி, ஆனா நான் ரெவின்யூல முப்பது வருஷம் இருந்தவன். ‘உட்கிடை’ன்னா எங்களுக்கு உட்கிடை கிராமம், ஒரு ரெவின்யூ கிராமத்துக்குள்ள அடங்கின குக்கிராமம். நிலச் சட்டத்துல ‘உட்கிடை’ன்னு நீ எழுதினா தாலுகா ஆபிஸ்ல கிராமக் கணக்கத்தான் எடுப்பான். வேற பாரு மக்கா.

*

அண்ணாச்சி, ரொம்ப நன்றி, ‘உட்கிடை’ய விட்டாச்சு. நான் நிலச் சட்டத்துலயே கிடந்தும் இது தோணாமப் போச்சு.

ரெண்டு நாளா யோசிச்சு இப்ப இதக் கொண்டுவாறேன்: ‘இயற்றுகருத்து’. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, அதனால நடுவுல ‘க்’ போடப்படாது, ‘இயற்றுக்கருத்து’ன்னு அச்சுல வந்திரும், பட்டியல்லயே அடிக்குறிப்பு வேணும். உரைக்காரங்க ‘என்பது கருத்து’ன்னு முடிப்பாங்க இல்லியா, சொன்னவன் நெனச்சது இதுன்னு காட்டறதுக்கு, அதே கருத்துதான் இது. யார் இயற்றினாங்கன்னு சொல்லு சொல்லாததால மகாராஜா ரெகுலேஷனுக்கும் செல்லும், பேரவைச் சட்டத்துக்கும் செல்லும். ஹிஸ்டரிக்கு அதே அடியில ‘இயற்றுவரலாறு’, ரெண்டும் ஜோடியா நிக்கும். இலங்கை நண்பர் ‘சட்டவாக்கம்’ சொன்னாரு, அது லெஜிஸ்லேஷனுக்கு நல்ல சொல், அதுக்கே இருக்கட்டும்.

அக்கா கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிருதேன்: மந்திரி பேச்சு இருந்தா அதுவே இன்டென்டுதானேன்னு கேட்டீங்க. இல்லக்கா. 1952ல திருவிதாங்கூர்-கொச்சி அரசுக்கும் பம்பாய் கம்பெனிக்கும் நடந்த வழக்குல, அரசியல் நிர்ணய சபைப் பேச்ச வச்சு ஹைகோர்ட்டு அர்த்தம் எடுத்தது சரியில்லன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு. பேசினவரு மனசு தெரியும், பேசாம ஓட்டுப் போட்டவங்க மனசு தெரியாதே. பின்னால கொஞ்சம் இளகி, மசோதாவ கொண்டுவந்தவரு பேச்ச, எந்தக் குறையத் தீக்க வந்த சட்டம்னு தெரிஞ்சுக்கப் பாக்கலாம்னு 1981ல வர்கீஸ் வழக்குல வந்துது. அதனால பட்டியல்ல ரெண்டு சொல்லையும் ஒண்ணாக்கிராதீங்க, இயற்றுவரலாறு காயிதம், அந்தக் காயிதத்தையும் சட்டத்துக்க சொல்லையும் வச்சு கோர்ட்டு கண்டுபிடிக்கறது இயற்றுகருத்து.

எடுத்துக்காட்டு வாக்கியம் இப்படிப் போடலாமா: “இப்பிரிவின் இயற்றுவரலாற்றைப் பார்க்கையில், பாட்டக்காரரையும் சேர்ப்பதே இயற்றுகருத்து என்று தெரிகிறது.” அண்ணாச்சி, ரெவின்யூல இதுல எதாவது இடிக்குதான்னு ஒருக்கா பாத்துச் சொல்லுங்க, அப்புறம் அக்கா பட்டியல்ல ஏத்தட்டும்.