ஷவல் நைட்: டிவியில் ஆடும்போது மட்டும் குதிப்பு தவறுகிறது, உதவி தேவை

காற்றாடி எலி:
2014இல் வந்த ‘ஷவல் நைட்’ வீடியோ கேமை ஒரு மாதமாக ஆடுகிறேன். மண்வெட்டிதான் அதன் வீரனுக்கு ஆயுதம். புரொப்பெல்லர் நைட் என்ற வில்லனின் பறக்கும் கப்பல் கட்டத்தில் சிக்கிக்கொண்டேன். லேப்டாப் திரையில் பாதிக் கப்பலைத் தாண்டியிருந்தேன். எச்டிஎம்ஐ கேபிளில் புதிய டிவியை இணைத்த நாளிலிருந்து முதல் செக்பாயின்ட்டையே (செத்தால் மறுபடி தொடங்கும் இடம்) எட்ட முடியவில்லை. விளிம்பில் பொத்தானை அழுத்துகிறேன். வீரன் குதிக்காமல் நடந்தே பள்ளத்தில் விழுகிறான். கன்ட்ரோலர் கெட்டுவிட்டதா? டிவி மீது எனக்குச் சந்தேகமில்லை. அதே டிவியில் ‘செலஸ்டே’ என்ற இன்னொரு குதிக்கும் விளையாட்டு ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

இன்னொரு மனக்குறையும் உண்டு. தலையில் காற்றாடியோடு பறக்கும் எலி லேசாக இடித்தாலே வீரன் பின்னால் தூக்கியெறியப்படுகிறான். உயிர் முழுசாக இருக்கும்போதே பள்ளத்தில் விழுந்து சாகிறேன். ஆனாலும் விட மனம் வரவில்லை. மண்வெட்டியைக் கீழ்நோக்கிப் பிடித்து, தரையே தொடாமல் ஓர் எலியின் தலையிலிருந்து அடுத்த எலியின் தலைக்குத் தாவும் அந்தச் சில நொடிகளுக்காகவே தினமும் திரும்பிப் போகிறேன்.

பழைய கேசட்:
கன்ட்ரோலரை இப்போதே குறை சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்ன ‘செலஸ்டே’தான் துப்பு. 2018இல் வந்த அந்த விளையாட்டில், விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்கு வந்த பிறகும் 0.1 நொடி வரை குதிக்க அனுமதி உண்டு. திரையில் விநாடிக்கு 60 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடுகிறது என்றால் அது ஆறு பிரேம். உங்கள் டிவி படத்தைத் தாமதமாகக் காட்டுகிறது, அதை அந்தச் சலுகை மறைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

சிறுவயதில் கேசட் செருகி ஆடிய டப்பா டிவியில் இந்தத் தொல்லை கிடையாது. வந்த சிக்னலை அது அப்படியே காட்டிவிடும். இன்றைய டிவி படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டுகிறது, அதில்தான் நேரம் போகிறது. லேப்டாப்பிலும் டிவியிலும் ஒரே படம் தெரியும்படி வைத்து, இரண்டையும் சேர்த்துக் கைபேசியில் ஸ்லோமோஷனில் எடுங்கள். எதில் வீரன் முதலில் எழும்புகிறான் என்று பாருங்கள்.

காற்றாடி எலி:
பார்த்தேன் அண்ணா, அதிர்ந்துபோனேன். விநாடிக்கு 240 படம் எடுக்கும் வேகத்தில் பதிவு செய்தேன். லேப்டாப்பில் வீரன் எழும்பி 22 படங்கள் கழித்துத்தான் டிவியில் எழும்புகிறான்!

பழைய கேசட்:
அப்படியென்றால் ஏறக்குறைய 0.09 நொடி, ஐந்து பிரேமுக்கு மேல். டிவியின் பட அமைப்பில், மெருகேற்றலைக் குறைத்துப் படத்தைச் சீக்கிரம் காட்டும் ‘கேம் மோட்’ இருக்கும், அதைப் போடுங்கள். இந்த எச்டிஎம்ஐ துளைக்கு அது பொருந்துகிறதா என்றும் பாருங்கள். சில டிவிகளில் ஒவ்வொரு துளைக்கும் தனி அமைப்பு. கன்ட்ரோலர் புளூடூத்தில் இருந்தால் ஒருமுறை யுஎஸ்பி கம்பியிலும் ஆடிப் பாருங்கள்.

மாடிப்படி:
எலி இடித்துத் தள்ளுவது பழுதல்ல, பரம்பரைச் சொத்து. பழைய விளையாட்டுகளான 1986இன் ‘கேசல்வேனியா’விலும் 1988இன் ‘நிஞ்ஜா கெய்டன்’னிலும் இதே அடிதான். நிஞ்ஜாவைப் பள்ளத்தில் தள்ளிய பறவைகளை ஆடியவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். நான் இதை ஆதரிக்கிறேன். தள்ளும் என்று தெரிந்தால்தான் எலி வரும்வரை நின்று, அது நெருங்கியதும் மேலேறி மிதிக்கத் தோன்றும். அதோடு ‘ஷவல் நைட்’ பழையவற்றைவிட இரக்கமுள்ளது. உயிர்களுக்குக் கணக்கே கிடையாது. செத்தால் பணத்தில் ஒரு பகுதி சிறகு முளைத்த பைகளாக அதே இடத்தில் மிதக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பைகளுக்காகப் பள்ளத்தின் மேல் தாவாதீர்கள். புதையலுக்கு ஆசைப்பட்டு செக்பாயின்ட் கண்ணாடி உருண்டையையும் உடைக்காதீர்கள்.

இன்னமும் முடியவில்லை என்றால், ஸ்பெக்டர் நைட் என்ற இன்னொரு வில்லனின் கட்டத்தில் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் வியாபாரி செஸ்டரிடம் ‘ஃபேஸ் லாக்கெட்’ என்ற மாயப் பொருளை வாங்குங்கள். சில கணங்களுக்கு எந்த அடியும் படாது. பள்ளத்திலிருந்து மட்டும் காப்பாற்றாது.

காற்றாடி எலி:
கேம் மோட் போட்டதும் 22 படம் 5 ஆகிவிட்டது. நேற்றிரவு மூன்று எலிகளை வரிசையாக மிதித்து இரண்டாம் செக்பாயின்ட்டைத் தொட்டேன். அதன் பிறகும் ஏழு முறை செத்தேன். ஏழிலும் என் விரல்தான் பிந்தியது, அது எனக்கே தெரிந்தது. லாக்கெட் இப்போதைக்கு வேண்டாம். இன்றிரவு மறுபடியும் கப்பலேறுகிறேன்.