அரிசியும் மாத்திரையும் ஒரே கூடையில்: எல்லையோரக் கடைகளின் இணைய விற்பனை அனுபவங்கள்

செங்கோட்டை, மென்பொருள் பணி

மளிகையும் மருந்தும் சேர்த்து விற்கும் ஒரு கடைத்தொடருக்கு இணைய விற்பனைத் தளம் அமைக்கும் வேலையில் இருந்தேன். தென்காசி மாவட்டத்திலும், மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம் மாவட்டத்தில் புனலூரிலும் அவர்களுக்குக் கிளைகள் உண்டு. இதே வேலை செய்தவர்கள், கடையில் நிற்பவர்கள், வாங்குபவர்கள் எல்லோரும் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

மளிகைக்காக எழுதிய எந்த வசதியையும் மருந்துப் பக்கத்துக்கு அப்படியே எடுத்துப்போகக் கூடாது. இந்த வேலையில் நான் உறுதியாக நம்புவது இதுதான். தேடலையே பாருங்கள். மளிகையில் தேடல் தாராளமாக இருக்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கு என்று தேடினாலும், கப்பை என்று தேடினாலும், எழுத்துப் பிழையோடு தேடினாலும் அந்தக் கிழங்கு வந்து நிற்க வேண்டும். மருந்தில் அதே தாராளம் ஆபத்தாகிவிடும். பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்ததுமே மெட்ஃபார்மினும் மெட்ரோனிடசோலும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. முதலாவது சர்க்கரை நோய்க்கு, இரண்டாவது கிருமித் தொற்றுக்கு. பெயர்க் குழப்பம் உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. லோசெக் என்ற அமிலம் குறைக்கும் மருந்து, லாசிக்ஸ் என்ற சிறுநீர் பிரிக்கும் மருந்தோடு குழம்பியதால், 1990இல் அமெரிக்காவில் அதன் பெயரையே பிரைலோசெக் என்று மாற்றினார்கள். ஆகவே மருந்துப் பிரிவில் எழுத்துத் திருத்தத்தை முழுவதுமாக நிறுத்தினோம். பெயர் சரியாகப் பொருந்தாவிட்டால் எதையும் காட்டாது, 'கிளையை அழையுங்கள்' என்று மட்டும் சொல்லும். விற்பனைப் பிரிவினர் வருத்தப்பட்டார்கள். நிறுத்தியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது மாற்றுப் பொருள். கேட்ட கம்பெனி சாம்பார்பொடி இல்லையென்றால் வேறொன்றை வைத்து அனுப்பலாம். வீட்டில் சின்ன முணுமுணுப்போடு போய்விடும். மருந்துச் சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பைக் கொடுக்க, அதில் அதே மூலப்பொருள் இருந்தாலும், 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் இடம் தரவில்லை. அப்படியிருக்க, 'இருப்பு இல்லையெனில் இணையானதை அனுப்பவும்' என்ற பெட்டி கூடை முழுவதற்கும் பொதுவாக இருந்தது. அதை மளிகைப் பொருள்களோடு நிறுத்தினோம். 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்ற வரிசையையும் மருந்துப் பக்கங்களிலிருந்து எடுத்தோம்.

எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு. கடையில் வாடிக்கையாளர் 'பத்து கொடுங்கள்' என்றால் மருந்தாளுநருக்குப் புரியும். தளத்தில் '10' என்றால் பத்து மாத்திரையா, பத்து அட்டையா? பழைய பில் மென்பொருளில் சில மருந்துகள் மாத்திரைக் கணக்கிலும் சில அட்டைக் கணக்கிலும் ஏறியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சரிசெய்ய முடிந்தது. இந்தத் தளங்களை அமைக்கும்போது பெரும்பகுதி நேரம் இப்படிப் பட்டியலைத் துடைப்பதிலேயே போகும். விலை மதிப்பீடு எழுதும்போது இதற்குத் தனியாகப் பணமும் நாளும் ஒதுக்குங்கள்.

இனி எல்லைக்கு வருகிறேன். மருந்துகளின் இணைய விற்பனைக்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இணைய மருந்து விற்பனைக்குத் தடை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. நாங்கள் வேலை செய்தபோது அந்த வரைவு சட்டமாகியிருக்கவில்லை. எங்கள் வழக்கறிஞர் கையில் எடுத்தது கொரோனா காலத்தில், 2020 மார்ச் 26 அன்று வந்த அறிவிக்கையை. உரிமம் பெற்ற கடை, சீட்டின் பேரில், தான் இருக்கும் அதே வருவாய் மாவட்டத்துக்குள் எச் அட்டவணை மருந்துகளை, அதாவது சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்துகளை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்கிறது அது. இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ள எச்1, எக்ஸ் அட்டவணை மருந்துகளுக்கும் போதை வகை மருந்துகளுக்கும் அந்த அனுமதி கிடையாது. நாட்பட்ட நோய் என்றால் சீட்டு எழுதி 30 நாளுக்குள், திடீர் நோய் என்றால் 7 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். இந்த வரம்பைத் தாண்டாமல் தளத்தை எழுதுவது என்று முடிவுசெய்தோம்.

கேரளத்தில் கொல்லம் மாவட்டத்து ஆரியங்காவில் இருப்பவருக்கு எங்கள் கிளைகளில் பக்கத்தில் இருப்பது செங்கோட்டைதான். புளியரை வழியாக வண்டி ஏறினால் போய்விடலாம். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் செங்கோட்டையிலிருந்து போகலாம். மாநிலம் தாண்டுவதால் பில்லில் ஐஜிஎஸ்டி என்று விழும், அவ்வளவுதான். ரத்த அழுத்த மாத்திரை மட்டும் கொல்லம் மாவட்டக் கிளையான புனலூரிலிருந்து, மலையேறி வர வேண்டும். வாங்குபவர் பார்வையில் ஒரே கடை, ஒரே கூடை, ஒரே பணம். வருவதோ இரண்டு பொட்டலம், இரண்டு நேரம். 'ஏன்?' என்று அவர் கேட்பது நியாயம். பணம் கட்டும் முன்பே கூடையை இரண்டாகப் பிரித்துக் காட்டி, எது எங்கிருந்து எப்போது வரும் என்று எழுதினோம். அதன்பிறகு சண்டை குறைந்தது.

முகவரியில் மாவட்டத்தை வாடிக்கையாளரே எழுதட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தென்காசி தனி மாவட்டமாகி, 2019 நவம்பர் 22 முதல் இயங்குகிறது. இன்றும் பலர் பழக்கத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்றே எழுதுகிறார்கள். கைப்பேசி காட்டும் இடத்தையும் நம்ப முடியாது. மலையடிவாரத்தில் எந்தக் கோபுரத்தின் அலை கிடைக்கிறதோ அந்த மாநிலம் என்று நினைத்துக்கொள்ளும். கிராம வாரியாகப் பட்டியல் போட்டு மாவட்டத்தோடு இணைத்தோம். நாள் பிடித்த வேலை. வேறு வழி இல்லை.

கம்பம், மருந்தாளுநர்

செங்கோட்டைத் தம்பி எழுதியதைக் கடைப் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். எங்கள் கடையும் ஒரு தொடரின் கிளைதான். இணைய ஆர்டர் வந்தபிறகு என் மேசையில் என்ன மாறியது என்று சொல்கிறேன்.

முன்பு சீட்டோடு ஆள் வருவார். முகத்தைப் பார்ப்பேன். 'யாருக்கு அம்மா? சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று டாக்டர் சொன்னாரா?' என்று கேட்பேன். இப்போது மங்கலான ஒரு படம் வருகிறது. பாதிச் சீட்டு வெட்டுப்பட்டிருக்கும், தேதி தெரியாது. இதைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கத் தளத்தில் ஒரு பச்சைப் பொத்தான். பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடும். ஆர்டர் வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டுவதற்காம். மளிகை எடுத்துக் கட்டுபவருக்கு அந்தக் கடிகாரம் பொருந்தும். சீட்டுப் படிப்பவருக்குப் பொருந்தாது. நான் எழுதிக் கொடுத்து, மருந்துப் பக்கத்தில் அதை எடுக்க வைத்தேன். இப்போது மூன்று பொத்தான்கள்: ஒப்புதல், மறுப்பு, நோயாளியை அழைக்க. மூன்றாவதைத்தான் நான் அதிகம் அழுத்துகிறேன்.

குமுளிப் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் ஒரு கோரிக்கையைச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் அம்ரித்' என்று தொடங்கி, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தது. அங்கே கிடைக்காததைத் தமிழ்நாட்டுக் கடையில் ஆர்டர் போட்டு, 'கம்பத்தில் அக்கா வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்பார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் சட்டம் அதேதான்; சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் இங்கேயும் கொடுக்கக் கூடாது. எச்1 பட்டியல் 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. பல வீரியமான ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் அதில் உண்டு. எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் ஏற்றி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எங்கள் தளத்தில் அந்த மருந்துகளுக்கு 'வாங்கு' என்ற பொத்தானே கிடையாது. 'சீட்டோடு நேரில் வரவும்' என்று மட்டும் இருக்கும். உருவாக்குபவர்கள் தயவுசெய்து இதை முதல் நாளிலேயே செய்யுங்கள்.

என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. நான் மறுத்த ஆர்டரை மேலாளர் தன் கணக்கிலிருந்து திறக்க முடியும்படி எங்கள் தளத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் தளத்தில் எப்படி?

கம்பம், டெலிவரி

ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் விடிவதற்குள் ஜீப்பில் ஏறிவிடுவார்கள். இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்கள். பகல் 11 மணிக்குப் பொட்டலம் கொண்டுபோனால் வீடு பூட்டியிருக்கும். மளிகை என்றால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம். இன்சுலினை அப்படிக் கொடுக்க மனம் வராது. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. பக்கத்து வீட்டில் ஜன்னலோரம் வைத்துவிட்டால் என்ன ஆவது? ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைத்து உறைந்துபோனாலும் அது வீண். மாலை 6 மணிக்கு மேல் ஒரு நேரப் பிரிவு வேண்டும் என்று நாங்கள் கேட்டு வாங்கினோம். சபரிமலை சீசனில், கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை, குமுளி சாலையில் வண்டி நகராது. அந்த மாதங்களுக்குத் தளத்தில் காட்டும் நேரத்தையே கூட்டி எழுதச் சொல்லுங்கள். வாக்குக் கொடுப்பது தளம், வாசலில் நின்று பேச்சு வாங்குவது நாங்கள்.

கொழிஞ்சாம்பாறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, வாங்குபவன் பக்கத்துக் குறை ஒன்று. நான் இருப்பது கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், ஆனால் எனக்குப் பொள்ளாச்சிக் கடைதான் பழக்கம். அங்கிருந்து மளிகை வருகிறது, மருந்து வராது. மாவட்ட விதி என்பது நீங்கள் எழுதியதைப் படித்தபிறகுதான் தெரிந்தது. பாலக்காட்டிலுள்ள கிளையிலிருந்து மருந்து வாங்குகிறேன். கணக்கு மகன் பெயரில், அவன் எண்ணில் இருக்கிறது. என் மாத்திரை புறப்பட்டால், மருந்தின் பெயரோடு அவனுக்குக் குறுஞ்செய்தி போகிறது. அவன் அலுவலகத்தில் மேசை மேல் கைப்பேசி கிடக்கும். எனக்கு என்ன நோய் என்பதை நான் சொல்லித்தான் என் பிள்ளைகளுக்கே தெரிய வேண்டும் என்று நினைக்கிறவன் நான். இதற்கு வழி உண்டா?

நகரி, அரிசி மொத்த வியாபாரம்

ஆந்திரப் பக்கத்தில் இருந்து. திருத்தணியிலும் நகரியிலும் கடை வைத்திருக்கும் ஒரு தொடருக்கு அரிசி கொடுக்கிறேன். இங்கே 2022 ஏப்ரல் 4 அன்று 13 மாவட்டங்கள் 26 ஆகின. பழைய மாவட்டப் பட்டியலை வைத்துத் தளம் கட்டியவர்கள் திணறினார்கள். எங்கள் ஆட்கள் முகவரியைத் தமிழிலும் எழுதுவார்கள், தெலுங்கிலும் எழுதுவார்கள். அஞ்சல் குறியீட்டில் ஒரு நன்மை: ஆந்திரம் 5இல் தொடங்கும், தமிழ்நாடு 6இல் தொடங்கும். கேரளமும் 6 என்பதால் அங்கே இரண்டாவது இலக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அரிசி விற்பவர்களுக்கு ஒன்று. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் வரி. அதற்கு மேல் இல்லை. அதனால்தான் 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்தது. தளத்தில் 'அரிசி' என்று ஒரே சரக்காக வைத்து எடையை மட்டும் மாற்றினால் வரி தப்பாக விழும். 25 கிலோவும் 26 கிலோவும் தனித்தனிச் சரக்காக ஏற வேண்டும்.

செங்கோட்டை, மென்பொருள் பணி

எல்லோருக்கும் நன்றி. நகரி அண்ணன் சொன்ன வரிப் பிரச்சினை மருந்திலும் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. அட்டையில் அச்சான விலை பழையது, விற்க வேண்டியது புதிய விலை. பழைய சரக்கைத் திரும்பப் பெற்றுப் புதிய விலை ஒட்ட வேண்டியதில்லை, கடையில் குறைந்த விலைக்கு விற்றால் போதும் என்று அரசு சொன்னது. ஒரே பார்கோடுக்கு இரண்டு எம்ஆர்பி வைக்கும் வசதி இல்லாத தளங்கள் அன்று நின்றுபோயிருக்கும். எங்கள் தளத்தில் பேட்ச் வாரியாக விலை ஏற்றியிருந்ததால் சமாளித்தோம்.

ஐயா, உங்கள் குறை மிக முக்கியமானது. குறுஞ்செய்தியின் வாசகத்தைக் கம்பெனி முன்கூட்டியே பதிவுசெய்து, அந்த வார்ப்பிலேயே அனுப்ப வேண்டும் என்பது விதி. அதனால் வாசகத்தை மாற்றுவது கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. எங்கள் வார்ப்பில் ஆர்டர் எண்ணும் நேரமும் மட்டும் உண்டு. அரிசிக்கும் அதே செய்திதான், மாத்திரைக்கும் அதே செய்திதான். பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டிலும் மருந்தின் பெயர் கிடையாது, பில் உள்ளே இருக்கும். உங்கள் கிளைக்கு எழுத்தில் கேளுங்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டிக்காட்டுங்கள். உங்கள் எண்ணிலேயே தனிக் கணக்குத் திறந்து, பணத்தை மட்டும் மகன் கட்டும்படியும் செய்யலாம்.

கம்பம் அக்கா கேட்டதற்கு: எங்கள் தளத்தில் மேலாளரால் திறக்க முடியாது. மருந்தாளுநர் மறுத்தால் அந்த ஆர்டர் மூடிவிடும். பணம் திருப்பி அனுப்பும் வேலை உடனே தொடங்கும், நோயாளிக்குக் கிளையின் எண் போகும். புதிய சீட்டு வந்தால் புதிய ஆர்டர். அதையும் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் பார்ப்பார். யார் மறுத்தார், எந்தக் காரணத்தால் என்பது பதிவாகும், அழிக்க முடியாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினோம். உங்கள் நிறுவனத்தில் பேசும்போது, மருந்து வழங்குவது பதிவுபெற்ற மருந்தாளுநரின் பொறுப்பு என்று சொல்லும் 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவை முன்வையுங்கள். தளம் கட்டியவர்களிடம், மேலாளர் கணக்குக்கு இருக்கும் அந்த அனுமதியை நீக்கச் சொன்னால் போதும். பெரும்பாலும் அது ஒரு குறியை எடுக்கிற வேலையாகத்தான் இருக்கும்.