வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி

ஆய்வேடான தீசிஸைக் கொடுத்துவிட்டு, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருப்பவர்கள் சிலர் இங்கே இருப்பீர்கள். எனக்கு வைவா முடிந்து ஒரு மாதம் ஆகிறது. மறந்துபோகும் முன் எழுதிவைக்கிறேன்.

ஆக்சிஜன் குறைந்தால் புற்றுநோய்ச் செல்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. வெளிக்காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். நான் செல்களை வைத்தது 1 சதவீதத்தில். அந்த நிலையில் எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும். ஐந்து அத்தியாயங்களும் அதைச் சுற்றித்தான்.

தயாராக இரண்டு மாதம் கிடைத்தது. முதல் ஆறு வாரம் ஸ்லைடுகளிலேயே போயிற்று. 2019இல் மருத்துவ நோபல் பரிசு இந்தத் துறைக்குத்தான் கிடைத்தது என்பதால் கெய்லின், ராட்க்ளிஃப், செமன்ஸா மூவரின் பழைய கட்டுரைகளையும் தேடித் தேடிப் படித்தேன். என் தீசிஸை மட்டும் திறக்கவே இல்லை. நான் எழுதியதுதானே என்ற நினைப்பு.

ஒத்திகைக்கு எங்கள் லேபில் ஏற்கெனவே முடித்துப்போன அக்கா ஒருவர் வந்தார். நாலாவது ஸ்லைடிலேயே நிறுத்தச் சொல்லி, தீசிஸைப் பிரித்து முதல் வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதத்தின் அளவைப் பட்டைகளாகக் காட்டும் படத்தில், விரலை வைத்தார்.

“லோடிங் கன்ட்ரோல் எது?”

“ஜிஏபிடிஎச், அக்கா.”

“ஏன்?”

“லேபில் எல்லாரும் அதைத்தான் போடுவோம்.”

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. எனக்கு மெல்ல உறைத்தது. லோடிங் கன்ட்ரோல் என்பது எல்லா மாதிரியிலும் ஒரே அளவு புரதம் போட்டிருக்கிறோமா என்று சரிபார்க்க வைக்கும் புரதம். ஜிஏபிடிஎச் குளுக்கோஸை உடைக்கும் நொதிகளில் ஒன்று. ஆக்சிஜன் குறைந்தால் பல செல்களில் அதன் அளவே கூடிவிடும். மாறாமல் நிற்கும் என்று நம்பி எதை அளவுகோலாக வைத்தேனோ, அதுவே நீண்டுகொண்டிருந்திருக்கிறது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நல்லவேளை, பழைய லைசேட்டுகள் (லைசிஸ் பஃபர் என்ற கரைசலில் செல்களை உடைத்து எடுத்த புரதக் கலவை) மைனஸ் 80 ஃப்ரீசரில் இருந்தன. திரும்ப ஓட்டி, இந்த முறை மொத்தப் புரதத்தோடு ஒப்பிட்டேன். மூன்று மடங்கு என்று நான் எழுதியிருந்த உயர்வு நான்கு மடங்கை நெருங்கியது. முடிவு கவிழவில்லை. ஆனால் அது என் திறமையால் தப்பியது அல்ல.

மீதி நாட்களில் ஸ்லைடைத் தொடவில்லை. தீசிஸை அச்செடுத்து, பென்சிலோடு ஒவ்வொரு படமாக உட்கார்ந்தேன். எண்ணிக்கை மூன்று என்று போட்ட இடத்திலெல்லாம் லேப் நோட்டை எடுத்துப் பார்த்தேன்: மூன்று தனித்தனி நாளில் செய்த சோதனையா, ஒரே தட்டின் மூன்று குழிகளா? இரண்டு படங்களில் ஒரே தட்டுதான். அதை மறைக்க மனம் வரவில்லை. திருத்தப் பட்டியல் ஒன்று எழுதி கைடிடம் காட்டி, வைவாவுக்கும் எடுத்துப் போனேன்.

அன்றைக்கு வெளித் தேர்வாளர் ஜிஏபிடிஎச் பக்கமே போகவில்லை. “ஆக்சிஜன் பட்டால் எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா எவ்வளவு நேரம் தாங்கும்?” என்பதுதான் முதல் கேள்வி. சுமார் ஐந்து நிமிடத்தில் பாதி போய்விடும் என்றேன். “இன்குபேட்டரிலிருந்து எடுத்த தட்டு லைசிஸ் பஃபருக்கு வர உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

பென்சிலோடு உட்கார்ந்திராவிட்டால் அங்கேயே திக்கியிருப்பேன். ஒரு தட்டுக்கு ஒன்றரை நிமிடம், ஒரு நேரத்தில் ஒன்றுதான் எடுப்பேன் என்றேன். முதல் வருடத்தில் ஆறு தட்டுகளை ஒன்றாக எடுத்ததையும், ஆறாவது தட்டின் முறை வருவதற்குள் புரதம் குறைந்திருக்கும் என்பதால் அந்தத் தரவைப் பின்னிணைப்போடு நிறுத்திவிட்டதையும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார்.

இன்னொரு கேள்விக்குப் பதில் இல்லை. இதில் எச்ஐஎஃப்-1 ஆல்ஃபாவின் உறவுப் புரதமான எச்ஐஎஃப்-2 ஆல்ஃபாவுக்குப் பங்கு உண்டா என்றார். “நான் அளக்கவில்லை. இரண்டையும் தனித்தனியாகக் குறைத்துப் பார்த்தால்தான் தெரியும்” என்று சொல்லி, அதை எப்படிச் செய்வேன் என்று பலகையில் வரைந்து காட்டினேன். அதிக நேரம் பேசியது அந்தப் படத்தின் மேல்தான்.

* * *

எனக்கு இடி விழுந்தது வேறு பக்கம். “இவை நீங்கள் சொல்கிற செல்கள்தானா, சோதித்தீர்களா?” என்றார்கள். 1951இல் வளர்க்கத் தொடங்கிய ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்கள் எத்தனையோ லேப்களில் வேறு செல் வரிசைகளுக்குள் புகுந்துவிட்டன என்று அறிமுக அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன். என் செல்களுக்கு மட்டும், டிஎன்ஏவை வைத்து எந்தச் செல் வரிசை என்று கண்டுபிடிக்கும் எஸ்டிஆர் சோதனை செய்யவில்லை. பக்கத்து லேபில் வாங்கியது, அப்படியே வளர்த்தேன். சோதனை அறிக்கையை இணைத்தால்தான் பட்டம் என்று எழுதிவிட்டார்கள். அறிக்கை வரும்வரை நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். பெயரும் செல்லும் பொருந்தியது. உறைய வைத்த செல்களை உருக்கி எடுக்கும் முதல் வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். செல் வளர்ப்பில் தெரியாமல் புகுந்துவிடும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கான சோதனையையும் சேர்த்து.

* * *

அறிவியல் படிக்காத ஒருவரிடம் முழுப் பேச்சையும் சொல்லிப் பாருங்கள். என் தீசிஸில் செல்களோடு எலிகளில் செய்த சோதனையும் உண்டு. என் தங்கை கேட்டுவிட்டு, “எல்லாமே ஆண் எலியா? ஏன் அப்படி?” என்றாள். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அப்புறம் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினேன். வைவாவில் இரண்டாவது கேள்வியே அதுதான். பெண் எலிகளிலும் இதே முடிவு வரும் என்று என்னால் சொல்ல முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டேன். தீசிஸின் தலைப்பில் ‘ஆண் எலிகளில்’ என்று சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்துவிட்டேன்.