ஊழியம் செய்யச் செய்யப் பெருமையும் சேர்ந்தே வளருதே, தாழ்மையை எப்படிப் பழகுவது?

கடைசி_வரிசை:
தாழ்மையாய் இருங்கள் என்று எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கிறோம். திங்கட்கிழமை காலையில் அதை எப்படிச் செய்வது என்றுதான் யாரும் சொல்வதில்லை. சிக்கல் மூன்று இடத்தில் வருகிறது. பாராட்டினால் மனம் குளிர்கிறது, கண்டுகொள்ளாவிட்டால் எரிகிறது. அதை அடக்க "நான் ஒன்றுமே இல்லை" என்று சொன்னால் அது நடிப்பாகத் தெரிகிறது. கேட்ட வேலைக்கெல்லாம் தலையாட்டினால் களைப்பும் முறுமுறுப்பும்தான் மிச்சம். செய்முறையாகச் சொல்லுங்கள், வசனம் கூட வந்தால் வரட்டும்.

சீலைத்துண்டு:
இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய யோவான் 13ஆம் அதிகாரம் இல்லாமல் இதைப் பேச முடியாது. அதுவே ஒரு செய்முறைதான். 4, 5 வசனங்களில் வினைச்சொற்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்: எழுந்தார், கழற்றினார், எடுத்தார், கட்டினார், வார்த்தார், கழுவினார், துடைத்தார். ஏழு வேலை. உருக்கமாக உணர்ந்தார் என்று ஒரு சொல் கிடையாது. மனநிலை அதற்கு முந்தின வசனத்தில் இருக்கிறது: எல்லாவற்றையும் பிதா தம் கையில் ஒப்புக்கொடுத்ததையும், தாம் எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார் என்பதையும் அறிந்திருந்தார். தம்மைச் சிறியவராக நினைத்துக்கொண்டு அவர் குனியவில்லை. ஆகவே "நான் ஒன்றுமில்லை" என்று உங்களை நீங்களே மட்டம் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கொலோசெயர் 2:23 அதற்கு வைத்த பெயரே "மாயமான தாழ்மை".

1 பேதுரு 5:5ல் தாழ்மையை "அணிந்துகொள்ளுங்கள்" என்ற இடத்தில் வரும் கிரேக்க வினைக்கு, முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்வது என்று பொருள். கட்டிக்கொள்வது கையால் செய்கிற காரியம், மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

பழக்கமாக்க ஒரு வழி. செய்தால் யாரும் கவனிக்காத, செய்யாவிட்டால் மட்டும் எல்லாரும் கவனிக்கிற ஒரே ஒரு வேலையை எடுங்கள். ஆராதனை முடிந்தபின் நாற்காலி அடுக்குவது, மைக் வயர் சுருட்டுவது, கழிப்பறை கழுவுவது, ஏதாவது ஒன்று. வாரம் 45 நிமிடம் போதும். குழுவில் அறிவிக்காதீர்கள், படம் போடாதீர்கள். மூன்று மாதம் கழித்து வேறொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள். உண்மையான பரீட்சை அப்போதுதான் வரும்: அவர் வயரை உங்கள் மாதிரி சுருட்ட மாட்டார். வயர் முறுக்கி உள்ளே அறுந்துபோகும் என்றால் சொல்லலாம். "நான் இருந்தப்போ இப்படி இல்லையே" என்பதற்காக என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

பாராட்டு வந்தால் "நன்றி" என்று ஒரு முறை சொல்லி நிறுத்துங்கள். "ஐயோ, நான் எதுவும் செய்யலையே" என்றால் எதிரில் இருப்பவர் மறுபடி ஒரு சுற்றுப் பாராட்டியே ஆக வேண்டும்.

அரைக்கரண்டி:
மேலே சொன்னதோடு ஒன்று. மாற்கு 10:45ல் ஊழியஞ்செய்ய வந்தேன் என்ற இயேசு, ஆறு வசனம் தள்ளி பர்திமேயுவிடம் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறார். பார்வையற்றவர் என்ன கேட்பார் என்று தெரியாமலா? கேட்காமல் செய்கிற உதவியில் நாம் எஜமானாகிவிடுகிறோம். நம் பெருமை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

படுக்கையில் இருப்பவருக்கு ஊட்டுகிற வேலையைப் பாருங்கள். முதலில் அவரை நன்றாக நிமிர்த்தி உட்காரவையுங்கள். நீங்களும் நாற்காலி போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் முகத்தைத் தூக்குவார், கழுத்து பின்னால் போகும், புரை ஏறும். குனிந்து உட்காருவது பணிவு மட்டுமல்ல, அவர் தொண்டைக்கும் அதுதான் பாதுகாப்பு. எதை முதலில் வேண்டும் என்று கேளுங்கள். கரண்டியில் பாதி போதும். விழுங்கித் தொண்டை இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. வாயில் இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், ஜெபமும் அப்போது வேண்டாம். கை கொஞ்சம் எழும்பினால் கரண்டியை அவரிடமே கொடுங்கள், சிந்தினால் சிந்தட்டும். முடிந்ததும் அரைமணி நேரம் படுக்கவைக்காதீர்கள். விழுங்கச் சிரமப்படுபவர் என்றால் மருத்துவர் சொன்ன பதம்தான், நம் யோசனை வேண்டாம்.

அவசரமாக ஊட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினால் கணக்குக்கு இரண்டு பேர் ஆகும். யாருடைய கணக்குக்கு என்பதுதான் கேள்வி.

தாழ்ச்சி_படி:
கத்தோலிக்கத் தரப்பிலிருந்து. களைப்பு, முறுமுறுப்பு இரண்டுக்கும் 6ஆம் நூற்றாண்டிலேயே புனித பெனடிக்ட் வழி எழுதிவைத்திருக்கிறார். அவருடைய மடத்து ஒழுங்குவிதியில் 73 அதிகாரங்கள். 7ஆவது அதிகாரம் தாழ்ச்சியின் பன்னிரண்டு படிகள், அதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு 35ஆவது பிடிக்கும், அது சமையலறை.

அதன்படி சமையல் பணி வாராவாரம் கை மாறும். வாரம் முடிக்கிறவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும், சகோதரர்கள் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைக்க வேண்டும். முடிக்கிறவரும் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைக் கழுவி, உடையாமல் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பரிமாறுகிறவர்களுக்கு, சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி முன்பே, வழக்கமான பங்குக்கு மேல் கொஞ்சம் ரொட்டியும் பானமும் கொடுக்கச் சொல்கிறார். ஏன்? முறுமுறுக்காமல் பணி செய்யத்தான். பசித்த வயிற்றோடு பரிமாறுகிறவன் எரிச்சல்படுவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் பங்கு ஆலயங்களில் தன்னார்வலர்களைக் காலையிலிருந்து நிற்கவைத்துவிட்டு, தாழ்ச்சி போதவில்லை என்று குறை சொல்கிறோம்.

57ஆவது கொஞ்சம் கடுமை. ஒரு கைவினைஞர் தன் திறமையால் மடத்துக்கே ஆதாயம் என்று பெருமைப்பட்டால், அந்த வேலையிலிருந்து அவரை எடுத்துவிட வேண்டும், தாழ்ச்சி வந்தபின் திரும்ப அனுமதிக்கலாம். பாடகர் குழுவுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிச்சல் இல்லை!

கடைசி_வரிசை:
நன்றி. அப்படியானால் "என்னால் முடியாது" என்று சொல்வது பெருமை இல்லையா?

சீலைத்துண்டு:
அப்போஸ்தலர் 6ல் இயேசுவின் பன்னிரண்டு அப்போஸ்தலரும் பந்தி விசாரிப்புக்கு, அதாவது உணவு பங்கிடும் வேலைக்கு, முடியாது என்றுதான் சொன்னார்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. குறை சொன்னது கிரேக்கு பேசுகிறவர்கள், தங்கள் விதவைகள் அந்தப் பங்கீட்டில் விடுபடுகிறார்கள் என்று. அந்த வேலைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருடைய பெயரும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்துக்கே பொறுப்பு போனது போலத் தெரிகிறது. அதற்கு எவ்வளவு தாழ்மை வேண்டும், யோசியுங்கள்.

ஆகவே மறுக்கும்போது மூன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: இந்த வாரம் முடியாது, இன்னாரால் முடியும், அவருக்கு நான் இதைக் காட்டித் தருகிறேன். பொறுப்பைக் கொடுத்தால் அலமாரிச் சாவியையும் சேர்த்துக் கொடுங்கள். பொறுப்பு அவரிடம், சாவி நம்மிடம் என்று வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.