இயற்கை எஸ்டர் நிரப்பிய மின்மாற்றியில் சுற்றின் (மின்கம்பிச் சுருளின்) உச்ச வெப்பநிலையை அளப்பது குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். கனிம எண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயிலிருந்து பெறப்படும் இயற்கை எஸ்டரை நிரப்பவுள்ள ஒரு திறன் மின்மாற்றிக்கு வெப்பநிலை உயர்வுச் சோதனைத் திட்டம் தயாரித்து வருகிறேன். இதில் அனுபவம் உள்ளவர்களின் உதவியை நாடுகிறேன்.

வழக்கமான சுற்று வெப்பநிலைகாட்டி சுற்றை நேரடியாக அளப்பதில்லை. மேல்மட்டத் திரவத்தின் வெப்பநிலையோடு, சுமை மின்னோட்டத்திற்கேற்பச் சூடாகும் ஒரு சிறு சுருளின் வெப்பத்தையும் சேர்த்து, உச்ச வெப்பநிலையை ஊகமாகவே காட்டுகிறது. 40 டிகிரி செல்சியஸில் இயற்கை எஸ்டரின் பாகுத்தன்மை கனிம எண்ணெயைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்பதால், பம்பு இல்லாத இயற்கைச் சுழற்சியில், அதிலும் குறுகலான குளிர்விப்பு வழிகளில், ஓட்டம் மந்தமாகிறது. ஆகவே அந்த வெப்பநிலைகாட்டியில் கனிம எண்ணெய்க்கென அமைத்த திருத்தத்தை அப்படியே பின்பற்றுவது பொருத்தமாக இராது என்றே கருதுகிறேன்.

இதனால் சுற்றுகளுக்குள் ஒளியிழை உணரிகளைப் பதிக்க விரும்புகிறோம். மின்காந்தப் புலத்தால் பாதிக்கப்படாதவை என்பது இவற்றின் பெரிய நன்மை. ஆனால் சுற்றுகளை இறுக்கும்போதும் உலர்த்தும்போதும் இழை முறிந்துவிட்டால், பிறகு மாற்ற வழியில்லை. மேலிருந்து எத்தனையாவது தட்டில் (சுற்றின் வட்டு வடிவ அடுக்கில்), தட்டுகளுக்கு இடைவெளி விடும் இடைத்தாங்கிகளில் எவ்வாறு பதித்தால் உண்மையான உச்சப் புள்ளிக்கு அருகில் அமையும்? மாற்று உணரிகளாக எத்தனை வைப்பது வழக்கம்? தொட்டிச் சுவரில் இழை வெளியேறும் இடத்தில், எஸ்டருடன் நீண்டகாலம் ஒத்துப்போகும் அடைப்புப் பொருள் எது?

குளிர்ந்த நிலையில் மின்மாற்றியை இயக்கும்போது, மேல்மட்டத் திரவ அளவீட்டுக்கும் ஒளியிழை அளவீட்டுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு கண்டீர்கள் என்பதையும், குளிர்விப்பு முறையைக் குறிப்பிட்டுத் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.