அவசரம்: டீசல் கார் ஸ்டார்ட் ஆகிறது, இரண்டே நிமிடத்தில் நின்றுவிடுகிறது

புதுவரவு_77 | ஞாயிறு, காலை 8:12
எல்லோருக்கும் வணக்கம். விடிந்ததிலிருந்து கார் படுத்துகிறது. ஸ்டார்ட் ஆகிறது, ஒன்றரை இரண்டு நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் இருமி இருமி நின்றுவிடுகிறது. மூன்று முறை இதே கதை. நான்காவது முறை ஸ்டார்ட்டே ஆகவில்லை. டீசல் இருக்கிறது. பேட்டரி போன மாதம்தான் மாற்றியது. நேற்று முழுக்க ஒரு முனகல் இல்லாமல் ஓடிய வண்டி. குளிரால் இருக்காது, வெளியே மைனஸ் 8 தான். ஸ்டுட்கார்ட்டில் ஆறு வருடம் டீசல் ஓட்டியவன் நான், மைனஸ் 12-இல்கூட இப்படி ஆனதில்லை. நாளை காலை புது வேலையில் முதல் நாள். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

கேலன்_கணேசன் | 8:20
எந்த ஊர்? எந்த மாடல்? எத்தனை மைல் ஓடியது? டேஷ்போர்டில் ஏதாவது விளக்கு எரிகிறதா?

சென்சார்_சீனு | 8:24
பார்க்கவே வேண்டாம், டெஃப் தான். ஐரோப்பாவில் ஆட்ப்ளூ என்பார்களே, புகையைச் சுத்தமாக்க ஊற்றும் அதே யூரியாத் தண்ணீர். மைனஸ் 11-இல் உறையும். உறைந்தால் சென்சார் குழம்பி எஞ்சினை நிறுத்திவிடும். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

முறுக்குவிசை | 8:31
உதவி கேட்பதற்கு முன் மாடல், எஞ்சின், மைல், ஊர், எர்ரர் கோடு ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "கார் படுத்துகிறது" என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? சரி, வந்ததற்குச் சொல்கிறேன். அமெரிக்க டீசலின் தரம் அவ்வளவுதான். ஐரோப்பாவில் சீட்டேன் எண், அதாவது டீசல் எவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்ளும் என்று காட்டும் எண், குறைந்தது 51 இருக்க வேண்டும். இங்கே 40 இருந்தாலே போதும். ஐரோப்பிய எஞ்சினுக்கு இங்குள்ள டீசலை ஊற்றினால் இருமத்தான் செய்யும்.

ஒஸ்லோ_வாசி | 8:40
தம்பி, கடைசியாக எந்த நிறக் கைபிடியில் அடித்தீர்கள்? அதை முதலில் சொல்லுங்கோ.

புதுவரவு_77 | 8:52
மன்னிக்கவும், போனில் தட்டுகிறேன், விரல் விறைக்கிறது. 2014 மாடல், 3 லிட்டர், ஆறு சிலிண்டர், ஐரோப்பிய எஸ்யூவி. 1,10,000 மைல். எஞ்சின் விளக்கு மட்டும் எரிகிறது. பச்சைக் கைப்பிடியில்தான் அடித்தேன்.

ஒஸ்லோ_வாசி | 8:55
பச்சையா! ஐயோ, இனிச் சாவியைத் தொடாதேங்கோ! பச்சை என்றால் பெற்றோல். டீசலுக்குக் கறுப்பு. ஜெர்மனியிலும் அதுதானே? பெற்றோல் போன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் ஹை பிரஷர் பம்ப் காய்ந்து உரசி, இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரை போய்விடும். டாங்கை முழுதாக இறக்கிக் கழுவ வேண்டும்.

கேலன்_கணேசன் | 9:03
பொறுங்கள் அண்ணா, பயமுறுத்தாதீர்கள். அமெரிக்காவில் தலைகீழ். இங்கே பெரும்பாலும் பச்சைதான் டீசல், பெட்ரோல் கறுப்பு. அதுவும் சட்டம் இல்லை, வழக்கம்தான். பெட்ரோலுக்கே பச்சை வைத்திருக்கும் பங்க்குகளும் உண்டு. அதனால் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படிக்க வேண்டும். புதுவரவு, ரசீது இருந்தால் பாருங்கள், அதில் டீசல் என்று அச்சாகியிருக்கும்.

புதுவரவு_77 | 9:10
ரசீது இருக்கிறது. டீசல் நம்பர் 2 என்று போட்டிருக்கிறது.

முறுக்குவிசை | 9:14
நம்பர் 2 தான் இங்கே சாதாரண டீசல். ஆக எரிபொருள் சரி. குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினைச் சூடாக்கும் க்ளோ பிளக்கைப் பாருங்கள்.

டிஸ்பாட்ச்_தேவி | 9:21
க்ளோ பிளக் போயிருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவே அழும். சீட்டேன் குறைவு என்றாலும் அப்படித்தான். இது ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடம் ஓடி நிற்கிறது. டெஃப் உறைந்தாலும் எஞ்சின் நிற்காது சீனு, அந்த டேங்குக்குத் தனி ஹீட்டர் உண்டு, உருகும் வரை வண்டி ஓட அனுமதி உண்டு. எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ரசீதில் எந்த ஊர்? இப்போது நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்? கணேசன் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கேட்டார், இன்னும் பதில் வரவில்லை.

முறுக்குவிசை | 9:26
தேவி மேடம் டீசல் உறைந்துவிட்டது என்று சொல்ல வருகிறார் போல. மைனஸ் 8-இல் டீசல் உறையும் என்றால் பாதி ஜெர்மனி டிசம்பரில் நடந்துதான் போக வேண்டும்.

புதுவரவு_77 | 9:38
மினியாபொலிஸில் இருக்கிறேன். காரை டல்லாஸில் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தேன். கடைசியாக அடித்தது ஒக்லஹோமாவில், எல்லை தாண்டும் முன், ஒரு சின்ன ஊரில். விலை குறைவாக இருந்தது. முழு டேங்க், 26 கேலன். அங்கிருந்து 700 மைல், நடுவில் ஒரு சொட்டு அடிக்கவில்லை! இப்போது முள் சிவப்புக்குச் சற்று மேலே. அப்புறம், மைனஸ் 8 என்பது கார் காட்டுவது. ஃபாரன்ஹீட்.

டிஸ்பாட்ச்_தேவி | 9:40
ஃபாரன்ஹீட்டா! அது மைனஸ் 22 செல்சியஸ்.

கேலன்_கணேசன் | 9:41
அடப்பாவமே.

டிஸ்பாட்ச்_தேவி | 9:58
டீசல் மெழுகு கட்டிவிட்டது. லாரி கம்பெனியில் வண்டி அனுப்பும் வேலை எனக்கு, ஒவ்வொரு ஜனவரியும் தெற்கிலிருந்து வரும் டிரைவர்களிடமிருந்து இந்த போன் வரும்.

ஜெர்மனியில் உங்களுக்கு இது ஏன் வரவில்லை என்றால், அங்கே காலண்டர் பார்த்து டீசலை மாற்றிவிடுவார்கள். நவம்பர் 16 முதல் பிப்ரவரி கடைசி வரை பங்க்கில் விற்பது மைனஸ் 20 செல்சியஸ் வரை ஃபில்டரில் இறங்க வேண்டும். ஸ்டுட்கார்ட் ஆனாலும் ஹாம்பர்க் ஆனாலும் ஒன்றுதான். நீங்கள் அதைப் பற்றி யோசித்திருக்கவே வேண்டியதில்லை. அமெரிக்கத் தரவிதியில் குளிருக்கு அப்படி ஒரு கட்டாய எண் கிடையாது, விற்பவரும் வாங்குபவரும் பார்த்துக்கொள்ள வேண்டியது. மினசோட்டா பங்க் குளிர்காலத்தில், சீக்கிரம் மெழுகு கட்டாத நம்பர் 1 டீசலைக் கலந்து விற்பார். ஒக்லஹோமா பங்க் தன் ஊர்க் குளிருக்குத்தான் விற்பார். கலவை இல்லாத நம்பர் 2 மைனஸ் 10 செல்சியஸ் பக்கத்திலேயே மெழுகு கட்டத் தொடங்கிவிடும்.

நேற்று ஓடியது எப்படி என்றால், எஞ்சின் சூட்டில் திரும்பி டேங்குக்கு வரும் டீசல் மற்றதையும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும். ராத்திரி வெளியே நிறுத்தினீர்கள், ஆறிவிட்டது. காலையில் குழாயில் மிச்சமிருந்த டீசலில் இரண்டு நிமிடம் ஓடியிருக்கிறது, அப்புறம் ஃபில்டர் அடைத்துக்கொண்டது.

இனிமேல் ஸ்டார்ட்டரை ஓட்டாதீர்கள். வண்டியைச் சூடான கராஜுக்குள் கொண்டுபோவதுதான் முதல் வேலை, டோ வண்டி கூப்பிட்டாலும் சரி. உள்ளே சில மணி நேரம் நிற்கட்டும். உதிரிபாகக் கடை இன்றைக்கும் திறந்திருக்கும், புது டீசல் ஃபில்டரும் உறைந்த டீசலை உருக்கும் அவசர மருந்தும் வாங்குங்கள். "உறையாமல் தடுப்பது" என்று இன்னொரு பாட்டில் பக்கத்திலேயே இருக்கும், அது முன்கூட்டியே ஊற்ற வேண்டியது, கட்டிய மெழுகை அது கரைக்காது. ஃபில்டர் மாற்றி, வண்டி ஓடியதும் நேராக உள்ளூர் பங்க்குக்குப் போய் டேங்கை நிரப்புங்கள். பழையது இரண்டு மூன்று கேலன்தான் இருக்கும், அது நல்லதாகப் போயிற்று. லாரிகள் நிற்கும் வரிசைக்குப் போகாதீர்கள், அந்த நாஸில் பெரிது, கார் வாயில் நுழையாது.

பழைய_அம்பாசடர் | 10:05
ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றினால் முடிந்தது. இல்லாவிட்டால் கொஞ்சம் பெட்ரோல். எங்கள் காலத்தில் எல்லோரும் செய்ததுதான்.

ஒஸ்லோ_வாசி | 10:11
ஐயா, உங்கள் காலத்துப் பம்ப் வேறு. இப்போதைய காமன் ரெயில் ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசல்தான் மசகெண்ணெயும். பெற்றோல் விட்டால் நான் காலையில் சொன்ன கதைதான் நடக்கும். இங்கே நாங்கள் கடைக்குப் போய் மருந்து வாங்குவதே இல்லை. ஆர்க்டிக் வகுப்பு என்று ஐரோப்பியத் தரத்திலேயே இருக்கிறது, கடைசி வகுப்பு மைனஸ் 44 வரை தாங்கும்.

முறுக்குவிசை | 10:15
முதலிலேயே ஃபாரன்ஹீட் என்று எழுதியிருந்தால் முதல் பதிலிலேயே சொல்லியிருப்பேன். எப்படியோ, நான் சொன்னது இதிலும் நிரூபணமாகிறது. அமெரிக்காவுக்கு டீசல் கார் பற்றி ஒன்றும் தெரியாது. 2011 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல். இங்கே தேடிப் பிடிக்க வேண்டும். மைலேஜின் அருமை தெரியாத தேசம்.

கேலன்_கணேசன் | 10:34
அருமை தெரியாமல் இல்லை சார், வரியைப் பாருங்கள். ஜெர்மனியில் லிட்டருக்கு எரிபொருள் வரி பெட்ரோலுக்கு 65.45 சென்ட், டீசலுக்கு 47.04. அரசே டீசல் வாங்கு என்று கையைப் பிடித்து இழுக்கிறது. அமெரிக்க மத்திய வரி கேலனுக்குப் பெட்ரோல் 18.4 சென்ட், டீசல் 24.4. இங்கே டீசல் என்றால் லாரி, லாரி என்றால் ரோட்டைத் தேய்ப்பது என்று கணக்கு.

இன்னொன்று புகை. இங்கே பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரே நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, நீங்கள் சொன்ன 2011 வாக்கில் சராசரியாக மைலுக்கு 0.07 கிராம் இருந்தது. அதாவது கிலோமீட்டருக்கு 0.04 சொச்சம். அதே காலத்தில் ஐரோப்பாவின் யூரோ 5 புகை விதியில் டீசலுக்கு 0.18 வரை விட்டார்கள், பெட்ரோலுக்கு 0.06. ஐரோப்பா புத்திசாலியாக இருக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டது. பாரிஸ் காற்றைக் கேளுங்கள்.

முறுக்குவிசை | 10:41
அந்த வரம்பே ஐரோப்பிய டீசலை உள்ளே விடாமல் தடுக்கப் போட்டதுதான்.

கேலன்_கணேசன் | 10:50
அந்த வரம்பு உள்ளூர் கம்பெனி டீசலையும்தான் தடுத்தது. இங்கே டீசல் காருக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்ததே உள்ளூர் கம்பெனிதான். 1978-இல் ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் டீசல் வி8 கொண்டுவந்தது. எஞ்சின் தலையைப் பிடிக்கும் ஹெட் போல்ட் தாங்கவில்லை, டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் அமைப்பும் இல்லை. 1985-இல் மூடிவிட்டார்கள். ஒரு தலைமுறையே டீசல் என்றால் காத தூரம் ஓடியது. மறுபடி மெல்ல எட்டிப் பார்த்தபோது 2015 செப்டம்பர் 18 வந்தது, புகைச் சோதனையை ஏமாற்றிய ஃபோக்ஸ்வாகன் விவகாரம்.

சென்சார்_சீனு | 10:58
அந்த மோசடியைப் பிடித்த மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்று ஒருவர் இருந்தார், பேரைப் பார்த்தாலே நம்மாள். காரின் பின்னால் அளவுக் கருவியைக் கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டினார்கள். லேபில் சுத்தமாக இருந்த கார் ரோட்டில் வேறு முகம் காட்டியது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார் சிக்கியது. அதனால்தான் சொல்கிறேன், இந்த டெஃப், புகை ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். டெக்சஸில் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள்.

கேலன்_கணேசன் | 11:02
சீனு, மோசடியைப் பிடித்தவரைப் பாராட்டிவிட்டு அடுத்த வரியிலேயே அதே மோசடியைச் சொந்தக் காரில் செய்யச் சொல்கிறீர்கள். அதற்கு மத்திய அரசு அபராதம் உண்டு.

ஒஸ்லோ_வாசி | 11:09
எனக்கொரு சந்தேகம். அமெரிக்க லொறிக்கு ஏன் அவ்வளவு நீள மூக்கு? இங்கே எல்லாம் தட்டை முகம்.

டிஸ்பாட்ச்_தேவி | 11:20
ஐரோப்பாவில் லாரியும் டிரெய்லரும் சேர்த்து 16.5 மீட்டர்தான். மூக்கு நீண்டால் அந்த அளவுக்குச் சரக்கு இடம் போகும். இங்கே 1982 சட்டத்துக்கு அப்புறம் டிரெய்லர் நீளத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள், வழக்கமாக 53 அடி. முன்னால் இருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. எடையில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், உங்களுக்கு 40 டன், எங்களுக்கு 80,000 பவுண்டு, 36 சொச்சம். சரி, புதுவரவு எங்கே போனார்?

முறுக்குவிசை | 11:24
தட்டை முகம்தான் நகரத்துக்குச் சரி. டிரைவருக்கு முன்னால் நிற்கும் குழந்தை தெரியும். இதையும் அமெரிக்கா ஐரோப்பாவிடம்தான் கற்க வேண்டும்.

டிஸ்பாட்ச்_தேவி | 11:31
டிரைவர்களைக் கேளுங்கள். சக்கரத்தின் மேல் உட்கார்ந்து 3,000 மைல் குலுங்கிப் போகச் சொன்னால் அவர்கள் உங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள்.

கேலன்_கணேசன் | மாலை 4:15
புதுவரவு, என்ன ஆச்சு?

புதுவரவு_77 | இரவு 9:47
ஓடுகிறது. அபார்ட்மென்ட் கீழே சூடான பார்க்கிங் இருந்தது, எனக்குக் கார்டு இன்னும் தரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் கார்டால் திறந்து, அவரும் மகனும் தள்ளினார்கள். பண்ணையில் வளர்ந்தவராம், ஃபில்டரை அவரே கழற்றினார். உள்ளே பார்த்தால் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் எப்படி இருக்குமோ அப்படி. ஸ்பூன் போட்டு எடுக்கலாம். புது ஃபில்டர், சிவப்பு பாட்டிலில் அந்த அவசர மருந்து, ஐந்து மணி நேரம். பங்க்கில் 23 கேலன் போயிற்று. தேவி மேடத்துக்கு நன்றி. தூங்கப் போகிறேன்.

சென்சார்_சீனு | 9:55
எஞ்சின் விளக்கு அணைந்ததா? அணையவில்லை என்றால் டெஃப் சென்சார்தான்.

டிஸ்பாட்ச்_தேவி | 10:02
நாளை ராத்திரி மைனஸ் 15 என்று போட்டிருக்கிறார்கள். ஃபாரன்ஹீட். கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்.