'மீட்பு' பாடத்துக்கு ஒரு யோசனை தேவை

மட்டக்களப்புப் பக்கம் மறைக்கல்வி எடுக்கிறவர்களே, தவக்காலத்துக்கு தரம் 9 பிள்ளைகளுக்கான பாடம் தயாராகுது. 'மீட்பு' என்றால் ஈடு வைத்த காப்பைத் திருப்புறது என்று உடனே பிடிச்சிடுவாங்க. திருவிவிலியத்தில் மாற்கு 10:45இலும் இயேசு தம் உயிரைப் பலருடைய 'மீட்புக்கு ஈடாக' கொடுக்க வந்தார் என்றுதான் இருக்கு. சிக்கல் அடுத்த கேள்வி: "காசு யாருக்குக் கட்டினது?" பிசாசுக்கு என்றால் ஈட்டுக்கடைக்காரன் அவன்தான் என்றாகிடும், திருச்சபைத் தந்தையரில் ஒருவரான நசியான்சு கிரகோரியார் 4ஆம் நூற்றாண்டிலேயே மறுத்த பேச்சு அது.

பழைய ஏற்பாட்டில் பாவம் போக்கும் சடங்கைச் சொல்லுற லேவியர் 16இல் விலைப்பேச்சே இல்லை. இரண்டு வெள்ளாட்டுக் கடா, சீட்டுப் போட்டு ஒன்று பலிக்கு. மற்றதன் தலையில் தலைமைக் குரு ஆரோன் இரண்டு கையையும் வைத்து, மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, உயிரோடு பாலைநிலத்துக்கு அனுப்புறார். இதையும் ஈட்டையும் 40 நிமிடத்தில் எப்படி இணைக்கலாம்? வகுப்பில் நடித்துக் காட்டினவங்க இருந்தால் எழுதுங்கோ.